சித்தியின் பெட்டிச் சோறு

பெட்டியைப் பிரித்த அன்று வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா இருந்தார். நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா இருந்தாள். அடுக்களை நிலையில் சாய்ந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். அப்பா இருந்தார். வயலில் இருந்து வந்த சேற்றுக் காலோடு முற்றத்தில் நின்றார், உள்ளே ஏறவில்லை. அம்மா இருந்தாள். மடியில் சுளகு, சுளகில் பீடி இலை. தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் பார்த்தாள். சித்தப்பா இருந்தார். சவூதியில் இருந்து இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்திருந்தார். அட்டையை அரிவாளால் கீறியது அவர்தான். சித்தி அவருக்குப் பின்னால் இருந்தாள். நான் இருந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது.

ஊர் சேரன்மகாதேவி. வாய்க்காலை ஒட்டி வீடு. வருஷம் தொண்ணூற்று நாலோ ஐந்தோ. கார் நெல் நடவு நடந்துகொண்டிருந்தது, அது நினைவிருக்கிறது.

இதைப் படிக்கிற உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும். வெளிநாட்டுச் சாமான் ஒரு வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். தைலக் குப்பி, செண்ட், புலி போட்ட கம்பளி. எல்லாம் எடுத்தாயிற்று. கடைசியாக இது வந்தது. வெள்ளை நிறம். முன்னால் கறுப்புக் கண்ணாடிக் கதவு. திருகுவதற்கு இரண்டு குமிழ்.

"டி.வி.யாலே?" என்றார் அப்பா.

"டி.வி. இல்லண்ணே. அடுப்பு," என்றார் சித்தப்பா.

பெரியப்பா கட்டிலில் இருந்து எழுந்துவிட்டார்.

அதற்குக் காரணம் உண்டு. தாத்தா சாகும்போது பெரியப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கினார். இந்த வீட்டில் இரண்டாவது அடுப்பு எரியக் கூடாது. பெரியப்பா கையடித்துக் கொடுத்தார். எங்கள் பக்கம் சொத்துப் பிரிந்தால்கூடப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். அடுப்புப் பிரிந்தது என்றால்தான் வீடு பிரிந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ்கூட எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. காப்பித்தண்ணியும் விறகு அடுப்பில்தான். அடுப்பு பெரியம்மாவின் கையில் இருந்தது.

"அண்ணாச்சி, இதுல தீ கெடையாது," என்றார் சித்தப்பா. "கரண்டு மட்டுந்தான். நான் வண்டி ஓட்டுத அரபி வீட்டுல எல்லாம் இதுலதான் பொங்குதாவ."

கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்துத் திருகினார். உள்ளே விளக்கு எரிந்தது. தம்ளர் பைய சுற்றியது. ஒரு மணிச் சத்தம் கேட்டது. தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். சூடு இல்லை.

"பொகை வருமா?"

"வராது."

"சாம்பல் விழுமா?"

"ஒரு துளி விழாது."

பெரியப்பா திரும்பப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு, "சாம்பல் விழாதது அடுப்பு ஆகாது. ரேடியோ மாதிரி இதுவும் ஒரு சாமான். இருந்துட்டுப் போட்டும்," என்றார்.

"இனும ரேடியோவுலதான் சோறு பொங்கணும்," என்றாள் அம்மா. தலையைத் தூக்கவில்லை. பெரியம்மாதான் முதலில் சிரித்தாள்.

எலக்ட்ரீசியன் அண்ணாச்சி வந்து சித்தியின் அறையில் தடித்த பிளக் ஒன்று வைத்துக் கொடுத்தார். லீவு முடிந்து சித்தப்பா போய்விட்டார். பெட்டிக்குச் சித்தி பூப்போட்ட துணி தைத்து மூடினாள். உள்ளே நூல்கண்டும் சித்தப்பாவின் கடிதங்களும் வைத்துக்கொண்டாள். ஐந்து மாதம் அதில் அதுதான் இருந்தது.

சித்தி திருநெல்வேலி டவுணில் பிறந்தவள். கல்யாணமாகி நாலு வருஷம். இரண்டு தடவை உண்டாகி இரண்டும் நிற்கவில்லை. ஆவணியில் மூன்றாவது உண்டாகியிருப்பது தெரிந்தது.

பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. சித்தி உண்டானதில் அவளைப்போல் யாரும் சந்தோஷப்படவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரியப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, சதுரம் சதுரமாக மடித்துத் தகரப் பெட்டியில் அடுக்கினாள். பிள்ளைக்கு உறுத்தாது என்றாள். சித்தியைக் குடம் எடுக்க விடவில்லை. குனிய விடவில்லை. "நீ இருளா. ஒக்காந்து இருந்தாப் போதும்," என்பாள்.

கார்த்திகை பிறந்தபோது சித்தியின் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. டவுணில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினார்கள். நானும் கூடப் போனேன். அம்மாவுக்குப் பீடி சுற்ற ஆள் வேண்டும் என்று அந்த வருஷம்தான் என் பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தார்கள். எதற்கும் கூடப் போக நான் இருந்தேன்.

டாக்டர் சித்தியின் கையில் பட்டை கட்டி அமுக்கிப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"பிரஷர் இருக்கு. உப்பைக் கண்ணால கூட பாக்கக் கூடாது. இந்தப் பிள்ளை வேணும்னா கேளுங்க."

சித்தி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பேட்டை தாண்டியதும், "நாக்கு என்ன நாக்கு. நாலு மாசந்தான்," என்றாள். என்னிடம் சொல்லவில்லை. ஜன்னலிடம் சொன்னாள்.

வீட்டில் பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் சோற்றுக்கும் உப்புப் போட்டுத்தான் பொங்குவோம். உப்பில்லாமல் பொங்குவது ஒரு காரியத்துக்கு மட்டும். ஆள் செத்து, மறுநாள் காடேத்துச் சடங்குக்குச் சுடுகாட்டில் படைக்க. அந்தச் சோற்றில் உப்பு இருக்காது. உப்பில்லாத சோற்றைப் போட்டால் போனவர் திரும்பிப் பார்க்காமல் போவார் என்பார்கள்.

"எடுத்துத் தனியா வச்சிருங்கக்கா, உப்புப் போடுமுன்ன," என்றாள் சித்தி.

"எப்ப எடுத்தாலும் அது உப்பில்லாச் சோறுதான. என் அடுப்புல பிள்ளைத்தாச்சிக்கு அதைப் பொங்க மாட்டேன். கேக்காத."

"டாக்டரு சொல்லுதாவக்கா."

"டாக்டருக்கு டவுணு தெரியும். இந்த வீடு தெரியுமா? ரெண்டு போயிருக்கு. மூணாவதுக்கும் நானே காடேத்துச் சோறு வைக்கணுமா?"

சொல்லிவிட்டுப் பெரியம்மா அழுதாள். சித்தியும் அழுதாள். அம்மா பீடியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் சித்தி பெட்டிக்குள் இருந்த நூல்கண்டையும் கடிதங்களையும் எடுத்துக் கட்டிலில் வைத்தாள். துணியை மடித்தாள்.

"வாட்டி. நாம ரெண்டு பேரும் பொங்குவோம்," என்றாள்.

அது அடுப்பு இல்லை என்று பெரியப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். யாரும் குறுக்கே நிற்க முடியவில்லை.

கூட வந்த புத்தகத்தில் இருந்த எழுத்து எங்களுக்குப் பயன்படவில்லை. படம் இருந்தது. கோழிப் படம், மீன் படம், தம்ளர் படம். "நம்ம கத்திரிக்காய்க்குப் படம் இல்லையேட்டி," என்றாள் சித்தி.

முதல் நாள் சில்வர் சட்டியில் அரிசியைப் போட்டு உள்ளே வைத்தோம். திருகின உடனே நீலமாகப் பொறி பறந்தது. சாட்டையால் அடித்த மாதிரி சத்தம். பீஸ் போனது. நின்ற காத்தாடிக்குக் கீழே பெரியம்மா நின்று கத்தினாள். "தீ இல்ல தீ இல்லன்னாம்லா! இது என்னதுளா?"

பெரியப்பா வயலில் இருந்து வந்தார். வாசலில் நின்றே கேட்டார்.

"சாம்பல் விழுந்துச்சா?"

"இல்ல அத்தான்," என்றாள் சித்தி.

"அப்பொ சரி."

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, அந்த வீட்டில் இருந்த எந்தப் பாத்திரமும் அந்தப் பெட்டிக்கு ஆகாது என்று. எல்லாம் சில்வர், ஈயம், பித்தளை. கூட வந்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. ஊறுகாய் ஜாடி ஒன்று. அப்பா காருக்குறிச்சிக்கு சைக்கிளில் போய் மூன்று சின்ன மண்சட்டி வாங்கி வந்தார். கம்பி கட்டாத சட்டி. இரண்டு நாள் தண்ணீரில் ஊறப் போட்டோம். ஊறின மண் வாடை அறை முழுக்க இருந்தது. இப்போது மழை விழுந்தால்கூட எனக்கு அந்தச் சட்டிதான் ஞாபகம் வரும்.

சோறு எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு தடவை பொங்கி வழிந்து கண்ணாடித் தட்டு முழுக்கக் கஞ்சி. ஒரு தடவை மேலே குழைந்து நடுவில் அரிசி. நாலாம் நாள் பிடிபட்டது. அரிசியை அரை மணி நேரம் ஊற வைக்க வேண்டும். ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். பத்து நிமிஷம் ஓட விட்டு, நிறுத்தி, திறக்காமல் அப்படியே வைத்து, பிறகு எட்டு நிமிஷம். வடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பருக்கையும் தனியாக நின்றது.

துவரம்பருப்பு வேகவில்லை. பாசிப்பருப்பு வெந்தது. கத்திரிக்காயைக் கீறி எண்ணெய் தடவி வைத்தால் ஐந்து நிமிஷத்தில் தோல் சுருங்கிவிடும். வாழைக்காய்க்கு ஏழு. பூசணிக்காய்க்கு நாலு. தாளிக்க முடியாது என்று நினைத்தோம். முடிந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெயும் கடுகும் போட்டு மூடி வைத்தால் மூன்றாம் நிமிஷம் உள்ளே வெடிக்கும். காது வைத்துக் கேட்போம். மூடியில் மழை விழுவது போல இருக்கும். ஒரு தடவை மூடாமல் வைத்து, பெட்டியின் கூரையில் இருந்து ஊசியால் கடுகு பொறுக்கினேன்.

உப்புக்குப் பதில் எலுமிச்சம்பழம், இஞ்சி, மிளகு, உப்புப் போடாமல் காயவைத்த கொஞ்சம் மாங்காய் வற்றல். சித்தி ஒரு முழுச் சாப்பாடு அதில் செய்தாள். சோறு, பருப்பு, ஒரு குழம்பு, ஒரு கறி. ஒன்று முடிந்து ஒன்று வைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆகும். கடைசிச் சட்டி வேகும்போது முதல் சட்டி ஆறியிருக்கும். சாயங்காலம் விளக்கு போட்டால் கரண்ட் இறங்கிவிடும், பெட்டி முனகும். அதனால் ராத்திரிச் சாப்பாட்டையும் நாலு மணிக்கே முடித்துவிடுவோம்.

புகை இல்லை. பாத்திரத்தில் கரி இல்லை. அம்மா ஒருநாள் மண்சட்டியின் அடியைத் தடவிப் பார்த்தாள். "நாப்பது வருசமா அம்புட்டுப் பேரும் எதுக்குட்டி கரியத் தேச்சோம்?" என்றாள்.

காலில் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "இப்படியே இருங்க."

பெரியம்மா அந்த அறைக்குள் வர மாட்டாள். நிலைக்கு வெளியே நின்று பார்ப்பாள். சித்தி சாப்பிடுவதைப் பார்ப்பாள். ஒவ்வொரு கவளத்துக்கும் அவள் முகம் ஒரு மாதிரி ஆகும். நான் அதைப் பொறாமை என்று நினைத்தேன்.

கார்த்திகை பாதியில், வாய்க்கால் படித்துறையில் துணி துவைக்கும்போது பெரியம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன வா. அவ சட்டியில அரிசி யாரு போடுதா?"

"நாந்தான் பெரியம்மா. சித்திக்குக் குனிய முடியல."

"கொழம்பு?"

"சித்தி சொல்லுவா. நான் போடுவேன்."

துணியைப் பிழிந்து தோளில் போட்டாள். சுற்றிலும் பார்த்தாள்.

"உப்பில்லாச் சோறு ஆருக்கு வைப்பாவன்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"தெனம் ரெண்டு வேளை அதை வயித்துக்குள்ள அனுப்புதா. உள்ள இருக்குத உசுரு என்ன நெனைக்கும்? நம்மளப் போகச் சொல்லித்தான் வைக்காவன்னு நெனைக்காதா?"

நான் கையில் இருந்த துணியை மறுபடி அலசினேன்.

"ஒத்தக் கல்லு போடு. ஒரு வேளைக்கு ஒத்தக் கல்லு. நாக்குக்குத் தெரியாது. அந்த உசுருக்குத் தெரியும். அது போதும்."

"டாக்டரு கண்ணால பாக்கக் கூடாதுன்னாவ பெரியம்மா."

"அவ எங்க பாக்கப் போறா? நீதான போடப்போற." பிறகு என் கையைப் பிடித்தாள். அவள் கை தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. "நான் கெடுதலுக்குச் சொல்லுவனாட்டி? எனக்கு இந்த வீட்டுல ஒரு சத்தம் கேக்கணும். அம்புட்டுதான். தண்ணியத் தொட்டுச் சொல்லு, போடுவேன்னு."

தண்ணீரைத் தொட்டுச் சொன்னேன்.

அன்றைக்கு என் புத்தி இப்படிப் போனது. டாக்டர் பொய் சொல்ல மாட்டாள். பெரியம்மாவும் பொய் சொல்ல மாட்டாள். இரண்டு பேரும் பிள்ளை பிழைக்கத்தான் சொல்கிறார்கள். ஒரே ஒரு கல் என்றால் இரண்டு பேர் பேச்சையும் கேட்ட மாதிரி ஆகும்.

காலையில் பெரியம்மா உப்பு மரவையில் இருந்து இரண்டு கல் பொறுக்கி என் உள்ளங்கையில் வைப்பாள். துவரம்பருப்பு அளவு இருக்கும். பாவாடை நுனியில் முடிந்துகொள்வேன். மத்தியானச் சட்டியில் ஒன்று. நாலு மணிச் சட்டியில் ஒன்று. சித்தி ஜன்னல் பக்கம் திரும்பும்போது போடுவேன். சத்தம் கேட்காது. பெட்டிக்குள் விளக்கு எரிந்து சட்டி சுற்றும்போது, அந்தக் கல் கரைவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்க முடியுமா என்று பார்ப்பேன். ஒன்றும் தெரியாது.

மார்கழி முதலில் ஒரு மழை அடித்தது. ஆற்றில் வெள்ளம். எங்கேயோ கம்பம் சாய்ந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. சித்தி அவலைத் தண்ணீரில் ஊற வைத்துத் தேங்காய்ப்பூவோடு தின்றாள். அதையே மூன்று நாள். பெரியம்மாவின் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஈரக் காற்றில் ரசத்தின் மணம் வீடெல்லாம் சுற்றியது. இரண்டாம் நாள் பெரியம்மா தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து நிலையில் வைத்தாள்.

"ஒரு வாயி சாப்பிடுளா. கண்ணு உள்ள போயிட்டு."

"உப்பு இருக்காக்கா?"

"இருக்கு."

"அப்பொ வேண்டாங்கக்கா."

தட்டு ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கோழி வந்து தின்றது. பெரியம்மா கோழியை விரட்டவில்லை. சித்தி எவ்வளவு பிடிவாதமாக இருந்தாள் என்று அன்றைக்குப் பார்த்தேன். பார்த்தும், கரண்ட் வந்த அன்றைக்கு மறுபடி போட்டேன்.

மார்கழி நடுவில் சித்திக்குச் சொதி தின்ன ஆசை வந்தது. டவுண் வீட்டில் கல்யாணத்து மறுநாள் வைக்கிற சொதி. தேங்காய்ப் பால் பெட்டிக்குள் திரிந்துபோகும் என்று பயந்தோம். சித்தி குமிழைப் பாதிக்குத் திருகி, ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து கிண்டி, திரியாமல் எடுத்தாள். உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பட்டாணி. மேலே இஞ்சிச் சாறு. அன்றைக்கு எனக்குக் கை தவறியது. முடிச்சை அவிழ்க்கும்போது இரண்டு கல்லும் சட்டியில் விழுந்துவிட்டன. நாலு மணிக்குப் பெரியம்மாவிடம் இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.

சித்தி ஒரு வாய் வைத்தாள். நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு நல்லாருக்கேட்டி. என்ன போட்ட?"

"ஒண்ணுமில்ல சித்தி. இஞ்சி கூடக் கொஞ்சம்."

"ஒன் கைக்கு ருசி இருக்கு," என்றாள். முழுவதும் சாப்பிட்டாள். சட்டியை வழித்தும் சாப்பிட்டாள். தட்டை நான்தான் கழுவினேன்.

பிறகு அவள் முகம் உப்பியது. கண்ணுக்குக் கீழே பை மாதிரி வந்தது. மார்கழி கடைசியில் தலைவலி என்றாள். பூச்சி பறக்கிறது என்று வெறும் காற்றில் கையை வீசினாள். அந்த வாரம் டாக்டரிடம் போக வேண்டியது. நெல்லுக்கு மருந்து அடிக்க ஆள் கிடைக்கவில்லை, அப்பாவும் பெரியப்பாவும் வயலில் நின்றார்கள். பொங்கல் கழித்துப் போகலாம் என்றார்கள். சித்தியும் சரி என்றாள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு, அரிசியை ஊறப் போடச் சொல்லிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள். கண் மேலே போனது. கட்டிலில் இருந்து சரிந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. அம்மா சுளகைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்தாள். அம்மா ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரியம்மா அந்த அறைக்குள் முதல் தடவையாகக் காலை வைத்தாள். சித்தியின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

ஒரு வேனைப் பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். நான் போகவில்லை. ஊறின அரிசி சாயங்காலம்வரை அப்படியே இருந்தது.

சித்தி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண்பிள்ளை. ஏழாம் மாதம். தலை நிறைய முடி இருந்தது என்று அம்மா சொன்னாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் பொங்கல் பானை வைக்கவில்லை. தகரப் பெட்டியை அம்மா எடுத்துப் பரணில் போட்டாள்.

விசாரிக்க எலக்ட்ரீசியன் அண்ணாச்சி வந்தார். அவர்தான் அதை முதலில் சொன்னார். அப்பாவிடம் சொன்னார்.

"அதுல வாரது கதிருல்லா வே. கூடங்குளத்துல கட்டப் போறதா பேசுதாங்களே, அந்த வகையறாதான். கண்ணாடி வழியா வெளிய வரும். தெனம் ரெண்டு வேளை பிள்ளைத்தாச்சி முன்னால நின்னா வயித்துப் பிள்ளை தாங்குமா?"

"ஒமக்குத் தெரியும்லா? பிளக் வைக்கும்போதே ஏம்வே சொல்லல?"

"யாரு இதுல சோறு பொங்குவான்னு கண்டா?"

அது போதும். அன்றைக்கே வீடு முழுக்க ஒரே பேச்சு. பெட்டிதான் பிள்ளையைத் தின்றுவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் கதவுக்கு வெளியே நின்று பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரியில் பிரஷர் என்று சொன்னது யார் காதிலும் நிற்கவில்லை.

பெரியப்பா மூன்று நாள் வயலுக்குப் போகவில்லை. நாலாம் நாள் பெட்டியைச் சாக்கில் கட்டினார். மண்சட்டி மூன்றையும் உள்ளே போட்டார். அப்பாவின் சைக்கிளில் வைத்து இரண்டு பேரும் ஆற்றுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆழமான கசம் பார்த்து இறக்கிவிட்டார்கள்.

"சாம்பல் இல்லன்னு தீர்ப்புச் சொன்னவன் நாந்தானலே," என்று பெரியப்பா வழியில் சொன்னாராம். அதுவரை ஊர் வழக்கெல்லாம் அவரிடம்தான் வரும். அதற்குப் பிறகு அவர் எந்த வழக்குக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. யாராவது வரப்புத் தகராறு என்று வந்தால், "எனக்கென்ன தெரியும்," என்பார். பதினோரு வருஷம் அப்படியே இருந்து செத்தார்.

அந்த மாதமே படித்துறையில் பெரியம்மா என்னிடம் கேட்டாள்.

"யார்ட்டயாவது சொன்னியாட்டி?"

"இல்ல பெரியம்மா."

"சொல்லாத. சொன்னா ஒன்னையத்தான் சொல்லுவாவ."

மிரட்டுகிறாள் என்று அப்போது நினைத்தேன். எனக்காகத்தான் சொன்னாளோ என்று இப்போது நினைக்கிறேன். எது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. பெரியம்மா தன் சாப்பாட்டில் உப்பை நிறுத்திவிட்டாள். எல்லோருக்கும் உப்புப் போட்டுப் பொங்குவாள், தனக்கு ஒரு சின்னச் சட்டியில் தனியாக வைத்துக்கொள்வாள். அதே அடுப்பில் வைத்தாள். கேட்டவர்களிடம் விரதம் என்றாள். சாகும்வரை அந்த விரதத்தை விடவில்லை.

மாசியில் சித்தப்பா வந்தார். மேலப் பக்கம் ஒரு சுவர் எழுப்பி, கேஸ் அடுப்பு வைத்தார். பெரியப்பா தடுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துச் சித்திக்கு ஒரு பெண் பிறந்தாள். நன்றாக இருக்கிறாள். சித்தி இப்போது டவுணில் இருக்கிறாள். போகும்போதெல்லாம் எதையாவது சாப்பிடச் சொல்வாள். சாப்பிடும்போது எப்படியாவது பேச்சு அங்கே போய்விடும்.

"என் புத்தியப் பாரு. அந்தப் பெட்டியில பொங்கித் தின்னு நானே என் பிள்ளையக் கொன்னேன். பெரியம்மா பேச்சைக் கேட்டு அவ அடுப்புல தின்னிருந்தா இருந்திருப்பான்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த முப்பது வருஷமும் அப்படித்தான்.

போன வருஷம் எனக்கே பிரஷர் வந்தது. மாத்திரை வாங்கப் போன இடத்தில் நர்ஸ் ஒருத்தி நன்றாகப் பேசினாள். சின்ன வயது. அவளிடம் கேட்டேன். பிள்ளைத்தாச்சிக்குப் பிரஷர் இருக்கும்போது சோற்றில் ஒரு கல் உப்பு விழுந்தால் என்ன ஆகும் என்று.

"ஒரு கல்லாம்மா?" சிரித்தாள். "ஒரு கல்லுல ஒண்ணும் ஆவாது. அந்த நோவு உப்பால வாரதே இல்ல. வரணும்னு இருந்தா எப்படியும் வரும். நீங்க ஏன் இதைப் போட்டு மனசுல வச்சிருக்கீங்க?"

படித்த பெண். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவள் ஒரு கல்லுக்குத்தான் பதில் சொன்னாள். மொத்தம் எத்தனை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நாற்பத்து மூன்று நாள். நாளுக்கு இரண்டு வேளை. கரண்ட் இல்லாத மூன்று நாள் போடவில்லை. எனக்குக் காய்ச்சல் அடித்த இரண்டு நாள் அம்மாதான் பொங்கினாள், அப்போதும் இல்லை. சொதி வைத்த அன்றைக்கு ஒன்று கூட.

எழுபத்தேழு.